மடிக்கணினியில் மயங்கி விழும் வானொலி

மடிக்கணினி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு வானொலி நிலையம் இருக்கிறது. அது ஒலிபரப்பவும் செய்யும், கேட்கவும் செய்யும். மத்திய அலையில் இசையும் செய்தியும் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அலைவரிசை வியப்பளிக்கும். மத்திய அலை நிலையங்கள் ஏறத்தாழ ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்க, இந்தச் சிறு நிலையம் 2,400 மெகாஹேர்ட்ஸிலும் 5,000 மெகாஹேர்ட்ஸுக்கு மேலும் பேசுகிறது. அதன் உருவமோ மிகச் சிறிது. இக்காலத்து மடிக்கணினி ஒன்றின் அடிமூடியைக் கழற்றினால், 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட பச்சையோ கறுப்போ ஆன தகடு ஒன்று காணப்படும். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டு புறப்பட்டுத் திரையின் ஓரத்திலுள்ள அலைவாங்கிகளுக்குச் செல்லும். இதுவே வைஃபை அட்டை.

இந்த அட்டைக்கு ஒரு நோய் உண்டு. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இணைப்பு எவ்வித முன்னறிவிப்புமின்றி அறுந்துவிடுகிறது. சில வேளைகளில் இரண்டொரு வினாடிகளில் தானே மீள்கிறது. சில வேளைகளில் கணினியை முற்றாக நிறுத்தித் தொடங்கினாலன்றி மீள்வதில்லை. வீட்டிலுள்ளோர் முதலில் ரவுட்டரை நோவர், அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை நோவர், மழைக்காலமாயின் மழையை நோவர். அதே வீட்டில் கைபேசிகளெல்லாம் இணைப்போடு இருக்க, மடிக்கணினி ஒன்று மட்டும் துண்டிக்கப்படுகிறதென்றால், நோய் வெளியே இல்லை, அட்டையின் உள்ளேதான் இருக்கிறது என்று ஐயுறுவதே முறை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த ஐயத்திற்கு ஒரு தனி முக்கியத்துவம் இருக்கிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அந்த மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. புதிய மடிக்கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்குக் கூட எட்டாக் கனியாயிற்று. உள்ள கணினியைப் பேணி உழைப்பித்துக்கொள்வதே வழியென்று ஆனபின், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்போ, இன்ரெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதாவது 2017க்கு முன் வந்த கணினிகளுள் மிகப் பல, உடல்நலத்தோடு இருக்கும்போதே ஓய்வுபெறும்படி சொல்லப்பட்டுவிட்டன. அத்தகைய கணினிகளுக்கு மறுவாழ்வு தருவது லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளம். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய கருவின்மீது, உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கூடிக் கட்டிய மாளிகை அது. விலையின்றிக் கிடைக்கும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

லினக்ஸ் நிறுவப்பட்ட பழைய கணினியில் உயர்தர மாணவி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை நிரப்புகிறாள் என்று கொள்வோம். அல்லது 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இன்று தேடமுடியாத நூல் ஒன்றின் வேறொரு பிரதியை, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகத்திலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறாள் என்று கொள்வோம். இணைப்பு அறுகிறது. மீண்டும் தொடங்குகிறாள். மீண்டும் அறுகிறது. “லினக்ஸ் சரியில்லை” என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் ஆள்மாறித் தண்டிப்பதாகவே முடியும். அது ஏன் என்பதற்கு, அட்டையினுள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று அறியவேண்டும்.

குடாநாட்டுத் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன் துலா இருந்தது. துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர் ஒருவர். கிணற்று வாயில் நின்று பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பவர் ஒருவர். வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறுபவர் இன்னொருவர். மூவரும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் பயிருக்கு நீர். வைஃபை அட்டையின் வேலையும் இவ்வாறு பகிர்ந்தளிக்கப்பட்ட வேலையே. கணினியின் கருவாகிய கெர்னலுக்குள் ‘இயக்கி’ என்னும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது துலா மிதிப்பவர். அட்டைக்குள்ளேயே தனியான ஒரு சிறு செயலியும் சிறிது நினைவகமும் உண்டு. அந்தச் சிறு செயலியில் ஓடும் நிரல்தான் கிணற்று வாயில் நிற்பவர். அந்நிரலைத் தமிழில் ‘நிலைபொருள்’ என்பர். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டு நிற்பதால் வந்த பெயர். உலாவி முதலிய செயலிகள், வந்த நீரை ஏந்திக்கொள்ளும் பாத்திகள்.

ரவுட்டரோடு எப்போது பேசுவது, எந்தப் பொதி வழியில் தொலைந்தது, அதை எத்தனை முறை மீண்டும் அனுப்புவது, எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்ற தீர்மானங்கள் மிக நுண்ணிய காலவெளியில் எடுக்கப்படவேண்டியவை. பெரிய செயலிக்கு வேறு நூறு வேலை; அதனால் இவ்வளவு விரைவாக இவற்றைக் கவனிக்க இயலாது. ஆகவே அவற்றை அட்டையிலுள்ள சிறிய செயலியிடம் ஒப்படைத்துவிட்டனர். அந்தச் சிறிய நிரலில் ஒரு பிழை இருந்து, எதிர்பாராத ஒரு நிலை வந்து சேரும்போது அது நிலைகுலைந்து நின்றுவிடுகிறது. மேலே மிதிப்பவருக்கு நடந்தது தெரியாது. துலா வெறுமையாக எழுந்து தாழ்கிறது, அவ்வளவே.

இங்கு நேயர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. லினக்ஸ் திறந்த மூலம் உடையதென்றால், அந்தப் பிழையை யாரேனும் திருத்திவிடக் கூடாதா? கூடாது என்பதே பெரும்பாலான அட்டைகளைப் பொறுத்தவரை விடை. இயக்கியின் மூலநிரல் திறந்தது. நிலைபொருளின் மூலநிரல் உற்பத்தியாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. வெளியே வருவது, மனிதர் படிக்க இயலாத இயந்திர எண்களாலான ஒரு கோப்பு மட்டுமே. இன்ரெல் நிறுவனத்தின் நிலைபொருளுக்கான உரிமத்தை எடுத்துக்கொண்டால், அக்கோப்பை மாற்றமின்றி எவரும் பகிரலாம். பிரித்துப் பார்த்து உட்பொருளை ஆராய அனுமதியில்லை. திறந்த வீட்டினுள் பூட்டிய அறை ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

அந்தப் பூட்டிய அறையைப் பற்றி லினக்ஸ் சமுதாயத்துள் நீண்ட வழக்கே நடந்தது. டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் வழங்கல், 2011இல் வெளிவந்த தன் ஆறாம் பதிப்பிலிருந்து இத்தகைய மூடிய நிலைபொருள்களைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க மறுத்தது. கொள்கையளவில் அது நேர்மையான முடிவு. ஆனால் நடைமுறையில் விளைந்த இடர் சிறிதன்று. வைஃபை இயங்க நிலைபொருள் வேண்டும். நிலைபொருளை இறக்க இணையம் வேண்டும். இணையத்திற்கோ வைஃபை வேண்டும். கம்பி இணைப்பில்லாத வீடுகளில், வேறொரு கணினியில் கோப்பை இறக்கி யூ.எஸ்.பி. குச்சியில் கொண்டுவந்தே காரியத்தை முடிக்கவேண்டியிருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர் வாக்கெடுத்துத் தீர்மானத்தை மாற்றினர். 2023 ஜூன் 10ஆம் திகதி வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல், தேவையான நிலைபொருள் நிறுவல் வட்டிலேயே வருகிறது. கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று குறைகூறுவாரும் உளர். கம்பியிணைப்பு இல்லாத வீட்டிலிருந்து பார்ப்பவர்க்கு அந்தக் குறை அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

இனி, மயக்கம் வந்த வேளையில் நடப்பதைப் பார்ப்போம். நிலைபொருள் செயலற்றதை இயக்கி இரண்டு வழியால் அறிகிறது. நிலைபொருளே தன் கணக்கில் முரண்பாடு கண்டு, “இனித் தொடர இயலாது” என்று அபாயமணி அடித்து நிற்பது ஒன்று. கேட்ட கேள்விக்கு உரிய காலத்துள் விடை வாராமையால் இயக்கியே ஐயுறுவது மற்றொன்று. அறிந்தவுடன் இயக்கி அட்டையை மீளத் தொடக்கி, கோப்பிலிருந்து நிலைபொருளை மறுபடி ஏற்றி, பழைய இணைப்பை ஒட்டவைக்க முயல்கிறது. பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறது. நடந்தவற்றைக் கெர்னலின் பதிவேட்டில் நேரத்தோடு எழுதியும் வைக்கிறது. இன்ரெல் அட்டைகளில் அந்தப் பதிவு “மைக்ரோகோட் சொஃப்ட்வெயார் எரர்” என்ற பொருள்படும் வரியோடு தொடங்கும். அதைத் தொடர்ந்து நிலைபொருளின் பதிப்பெண்ணும், பிழையின் பெயரும், பல வரி எண்களும் வரும். பிழையின் பெயர் ‘சிஸ்அசேர்ட்’ என முடிந்தால், நிலைபொருள் தானே முரண்பாடு கண்டு நின்றது என்று கொள்ளலாம். ‘டபிள்யூ.டி.ஜி.’ என முடிந்தால், காவற்கடிகாரம் அதை எழுப்பியும் எழாமற் கிடந்தது என்று பொருள்.

இந்தப் பதிவேடுதான் திறந்தமூல இயங்குதளம் தரும் மெய்யான நன்மை. நோய் வாராது என்று அது உறுதி கூறுவதில்லை. நோய் வந்தால் அதை மறைப்பதில்லை. முனையத்தைத் திறந்து ‘டி-மெசேஜ்’ என்று வழங்கும் சிறு கட்டளையை இட்டால் பதிவேடு முழுவதும் கண்முன் வரும். கணினியை மீளத் தொடங்கிய பின்னும் முந்திய ஓட்டத்தின் பதிவைப் பார்க்க ‘ஜேர்ணல்-கண்ட்ரோல்’ என்னும் வேறொரு கட்டளை இருக்கிறது. இணைப்பு அறுந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்து வரிகளைத் தேடுவதே முதற்படி. அதைச் செய்யாமல், எங்கோ யாரோ சொன்ன கட்டளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுப் பார்ப்பது, நாடி பார்க்காமல் பத்து மருந்தை ஒருங்கே ஊட்டுவதை ஒக்கும். எது குணமாக்கிற்று என்பதும் தெரியாது, எது புதுநோய் தந்தது என்பதும் தெரியாது.

பதிவேட்டைப் படிக்கும்போது முதலில் தீர்க்கவேண்டிய ஐயம், அட்டை மயங்கிற்றா, அல்லது வீட்டை விட்டே வெளியேறிற்றா என்பது. சில வேளைகளில் இயக்கி அட்டையின் பதிவகங்களைப் படிக்க முயலும்போது, எல்லா இடத்திலும் ‘எஃப்’ என்னும் எழுத்தே வரிசையாக வரும். யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டினால் தன் தட்டொலியே எதிரொலிப்பது போன்றது இது. அட்டை அங்கே இல்லை, அதாவது கணினிக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள மின்பாதை துண்டிக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள். நிலைபொருளை எத்தனை முறை மாற்றினாலும் இதற்குப் பயனில்லை. அடிமூடியைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைத் துடைத்து மீளப் பொருத்திப் பார்க்கவேண்டும். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத் தொடுமுனைகளைப் பதம்பார்ப்பது எல்லாரும் அறிந்ததே. பருத்தித்துறையிலோ காரைநகரிலோ பல ஆண்டு உழைத்த கணினிக்கு இந்தச் சிகிச்சை வீண்போவதில்லை. அலைவாங்கிக் கம்பிகளின் நுனியிலுள்ள பொத்தான் போன்ற இணைப்புகள் மிக நொய்யவை. அவற்றை நேராக மேல்நோக்கித் தூக்கவேண்டும். சாய்த்து இழுத்தால் பிய்ந்துவிடும்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. சோளகம் வீசும் மாதங்களில் எழும் புழுதி மடிக்கணினியின் காற்றாடித் துளைகளை அடைத்துவிடுகிறது. கணினி மடிமீதோ மெத்தைமீதோ இருந்தால் அடியிலுள்ள துளைகளும் மூடப்படுகின்றன. அட்டை பெரும்பாலும் செயலிக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். காலையில் நலமாக இருந்து பிற்பகலில் மட்டும் நோய் தோன்றினால், நிரலைத் தேடுமுன் தூரிகையைத் தேடுவது நன்று.

எஃப் வரிசையும் இல்லை, வெப்பமும் இல்லை, நிலைபொருளே நிலைகுலைகிறது என்று தெளிந்தால், எந்தச் சூழலில் அது நிகழ்கிறதென்று காணவேண்டும். மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தவுடன் நிகழ்கிறதா? பெரிய கோப்பை இறக்கும்போதா? புளூடூத் செவிப்பொறியில் பாட்டுக் கேட்கும்போதா? எதுவும் செய்யாமல் சும்மா கிடக்கும்போதா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும்.

சும்மா கிடக்கும்போது அறுகிறதென்றால் குற்றவாளி பெரும்பாலும் உறக்கம். ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கும் மணியை ஏறத்தாழ 102 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் அடித்துக்கொண்டே இருக்கிறது. மின்கலத்தைச் சேமிக்க, அட்டை இரண்டு மணியோசைகளுக்கிடையே உறங்கி, மணியடிக்கும் கணத்தில் விழித்து, தனக்குச் செய்தி உண்டா என்று கேட்டு, இல்லையெனில் மீண்டும் உறங்குகிறது. கோழித்தூக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு உறங்கி விழிப்பதில் ஒருமுறை தாளம் தவறினால் நிலைபொருள் குழம்பிவிடுகிறது. அட்டையின் மின்சேமிப்பை நிறுத்திவிட்டால் இந்தக் கோழித்தூக்கம் இல்லாமற்போகும். மின்கலம் சற்று விரைவில் தீரும் என்பதே இழப்பு. அட்டைக்கும் கணினிக்குமிடையிலுள்ள மின்பாதைக்கும் இதைப்போன்ற தனியான உறக்கம் ஒன்று உண்டு. மூடித் திறந்தபின் வரும் நோய்க்கும் எஃப் வரிசைக்கும் அதை நிறுத்திப் பார்ப்பது பயன்தரும்.

புளூடூத் இயங்கும்போது வரும் நோய்க்குக் காரணம் இடநெருக்கடி. புளூடூத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸிலேயே பேசுகிறது. பெரும்பாலான கணினிகளில் அதே அட்டையில், அதே அலைவாங்கியைப் பகிர்ந்துகொண்டே பேசுகிறது. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் தரக்கூடியதாயின் வைஃபையை அங்கே மாற்றிவிடலாம். பெரிய கோப்பு இறக்கும்போது அறுகிறதென்றால், பல பொதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும் ‘802.11 என்’ என்னும் முறையில் சிக்கல் இருக்கக்கூடும். இன்ரெல் இயக்கியில் அம்முறையை நிறுத்த வசதி உண்டு. நிறுத்தினால் வேகம் வினாடிக்கு 54 மெகாபிற்றுக்கு மேற்போகாது. பலரும் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பர். ஆனால் அறாத 54, அறுகிற 300ஐ விட விண்ணப்பம் நிரப்புவதற்கு மேலானது.

இவற்றுள் எதுவும் பயன்தராவிடில், நிலைபொருட் கோப்பையே மாற்றிப் பார்க்கலாம். இதற்குப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். இத்தகைய அட்டைகளில் நிலைபொருள் நிரந்தரமாகப் பதிக்கப்படுவதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் வன்தட்டிலுள்ள கோப்பிலிருந்து அட்டையின் நினைவகத்துக்கு ஏற்றப்படுகிறது. மின்சாரம் நின்றால் மறைந்துவிடுகிறது. ஆகவே பழைய கோப்பைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, வேறு பதிப்பை முயன்று பார்த்து, வேண்டாவிடில் திரும்பவும் பழையதற்கே செல்லலாம். இன்ரெல் அட்டைகளுக்குரிய இயக்கி, தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழிறங்கித் தேடும் இயல்புடையது. அண்மையில் நடந்த புதுப்பித்தலுக்குப் பின்னரே நோய் தொடங்கிற்றென்றால், மிக உயர்ந்த எண்ணுடைய கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் போதும். இயக்கி அடுத்த கீழ்ப் பதிப்பை எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து பெறப்படும் இன்னொரு செய்தி. அட்டையின் மயக்கம் சில வேளைகளில் ‘மீளத் தொடங்கு’ என்ற ஆணையால் தெளிவதில்லை. காரணம், அந்த ஆணையின்போது அட்டைக்குச் செல்லும் மின்சாரம் நிற்காமலே இருக்கக்கூடும். கணினியை முழுவதும் நிறுத்தி, மின்னூட்டக் கம்பியையும் எடுத்துவிட்டு, சில நிமிடம் கழித்துத் தொடங்கவேண்டும். யாழ்ப்பாணத்து மின்வெட்டுகள் வன்தட்டுகளுக்குச் செய்த தீங்கு பெரிது; தம்மையறியாமல் சில அட்டைகளைத் தெளிவித்தும் இருக்கும்.

நோய் இயங்குதளத்திலா அட்டையிலா என்று தீர்ப்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வேறொரு லினக்ஸ் வழங்கலை யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி ஒரு மாலைப்பொழுது பயன்படுத்திப் பார்ப்பது. அங்கும் அதே நோய் தோன்றினால் ஐயம் அட்டையின்மேற் சாய்கிறது. இதற்கிடையில் அவசர வேலை இருப்பின், கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்கு ஊட்டலாம். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று நோயாராய்ச்சி செய்யத் தேவையில்லை.

1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டுக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாக இருந்தன. அப்போது மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்ற, சூழ்ந்திருந்தோர் செய்தி கேட்ட அந்தக் காட்சியை இன்றும் நினைவுகூர்வோர் பலர். அந்த வானொலியைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. எது கெட்டதென்று கைதேர்ந்தவர் தொட்டுச் சொன்னார். இன்றைய வானொலியின் கெட்ட உறுப்போ ஒரு கோப்புக்குள் இருக்கும் எண்வரிசை. திறமை குறைந்துவிடவில்லை. திறப்பதற்குரிய சாவி கொடுக்கப்படவில்லை.

சாவி இல்லாதவரும் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. நிலைபொருள் மயங்கிய கணத்தில், அட்டையின் நினைவகம் எந்நிலையில் இருந்தது என்பதைப் படம்பிடித்தாற்போல் இயக்கி ஒரு கோப்பாக எடுத்துத் தரும். கெர்னல் அதை ஐந்து நிமிடம் மட்டுமே வைத்திருக்கும். அதற்குள் பிரதி எடுக்காவிடில் அழிந்துபோகும். அந்தக் கோப்பைப் பதிவேட்டு வரிகளோடு சேர்த்து, கெர்னலின் பிழைப்பதிவுத் தளத்திற்கு அனுப்பினால், மூலநிரலைக் கையில் வைத்திருக்கும் பொறியியலாளரால் எந்த வரியில் நிரல் இடறியதென்று காண இயலும். திருத்தம் பின்னொரு நாளில் புதிய கோப்பாக எல்லாருக்கும் வந்துசேரும். வீட்டிலிருந்து புறப்பட்ட அந்தப் படத்தில், அயலிலுள்ள கருவிகளின் முகவரி முதலியன கலந்திருக்கக்கூடும். ஆதலால் பொதுவிடத்தில் போடுமுன் எண்ணிப் பார்ப்பது முறை.

பூட்டிய அறை இடையூறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும் என்பதை 2017 உலகுக்குக் காட்டிற்று. கோடிக்கணக்கான கைபேசிகளில் இருந்த புரோட்கொம் நிறுவன வைஃபை சில்லுகளின் நிலைபொருளில் ஒரு குறைபாடு கண்டறியப்பட்டது. ‘புரோட்போன்’ என்று அதற்குப் பெயரிட்டனர். கைபேசிக்காரர் எதையும் தொடாமலே, வைஃபை எல்லைக்குள் இருக்கும் வேறொருவர் அந்தச் சிறு செயலியைத் தம் வசமாக்கிவிட அது இடந்தந்தது. அன்ட்ரொயிட், ஐஃபோன் இரண்டுக்கும் அவ்வாண்டு ஜூலையில் திருத்தம் வெளிவந்தது. நிலைபொருளைப் புதுப்பியாது பழையதிலேயே நின்றுவிடலாம் என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியை மறக்கலாகாது. முந்திய பதிப்புக்குத் திரும்புவது நோய் தணியும்வரை எடுக்கும் பத்தியம்; அதுவே உணவாகிவிடக் கூடாது.

சாவியோடு வரும் அட்டைகள் உலகில் இல்லாமல் இல்லை. இத்தாலி நாட்டுப் பிரெசியா பல்கலைக்கழகத்தார், புரோட்கொம் நிறுவனத்தின் சில பழைய சில்லுகளுக்குத் திறந்த நிலைபொருள் ஒன்றைத் தாமே எழுதினர். 2013இல் அதெரோஸ் என்னும் பெயர்பெற்ற சில்லுவகையுள் இரண்டின் நிலைபொருள் மூலநிரலோடு வெளியிடப்பட்டது, அவற்றுள் ஏ.ஆர். 9271 என்பது சிறு யூ.எஸ்.பி. குச்சிகளில் பரவலாக இடம்பெற்றது. அதே குடும்பத்து உள்ளட்டைகள் சில, கணினியிலிருந்து நிலைபொருள் ஏற்றவேண்டிய தேவையே இல்லாதவை. பட்டை பிடிப்பவரின் வேலையையும் மிதிப்பவரே செய்துவிடுகிறார் எனலாம். இவையெல்லாம் பழையவை. ஏ.ஆர். 9271 என்பது 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும், வினாடிக்கு அதிகபட்சம் 150 மெகாபிற்று என்ற கணக்கில் பேசும். பாடங்கேட்கவும் நூல் இறக்கவும் அது தாராளம்.

உள்ளட்டை தீராத நோயுடையதென்று தெளிந்தபின், அத்தகைய குச்சி ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்வது பலருக்கு எளிய வழி. வாங்கும்போது பெட்டியின் முகப்பிலுள்ள பெயரை மட்டும் நம்பக்கூடாது. ரிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.என். 722 என். என்ற குச்சி இதற்கு நல்ல சான்று. அதன் முதலாம் பதிப்பில் மேற்சொன்ன அதெரோஸ் சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பு முதல், பெயரும் உருவமும் மாறாமலே, உள்ளே ரியல்டெக் நிறுவனத்தின் வேறு சில்லு வைக்கப்பட்டது. பதிப்பெண் குச்சியின் பின்புறத்து ஒட்டுத்தாளில், வரிசை எண்ணுக்கு அருகே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய குச்சிகள் விற்கும் கடையில் அதைப் புரட்டிப் பார்க்க, வெளிச்சமான இடத்தில் நின்றால் ஒரு நிமிடம் போதும்.